வாசகர் கேள்வி: டிஎன்ஏ ரீடுகளை எங்கே வைப்பது?

கேள்வி: டிஎன்ஏ சீக்வென்சிங்கில் (டிஎன்ஏவின் எழுத்து வரிசையைக் கருவியால் படிப்பதில்) வரும் ஃபாஸ்ட்க்யூ என்ற உரைக் கோப்புகளின் ஒவ்வொரு ரீடையும், அதாவது கருவி படித்த ஒவ்வொரு டிஎன்ஏ துண்டையும், மைஎஸ்க்யூஎல் தரவுத்தள அட்டவணையில் ஒரு வரிசையாக ஏற்றுகிறோம். நாளுக்கு நாள் வேகம் குறைகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ரீடுகளைத் தரவுத்தளத்தில் ஏற்றவே வேண்டாம். கருவியின் ஒரே ஓட்டத்தில் கோடிக்கணக்கான ரீடுகள் வரும்; இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்ற பட்டியல்) நினைவகத்தில் அடங்காமல் போனதும் ஒவ்வொரு தேடலும் வட்டுக்கு ஓடும். கோப்புகள் ஜிஸிப் சுருக்கத்துடன் வட்டிலேயே இருக்கட்டும். மாதிரி, லைப்ரரி (மாதிரியிலிருந்து கருவிக்காகத் தயாரித்த டிஎன்ஏ தொகுப்பு), ஓட்டம், லேன் (கருவித் தகட்டின் தடம்), கோப்பின் பாதை, அளவு, எம்டி5 (கோப்பு மாறியதா எனக் காட்டும் சரிபார்ப்புக் குறியீடு) ஆகியவை மட்டும் அட்டவணைக்குப் போதும்.

கோப்புப் பெயரை முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் அடையாளமாக) வைக்காதீர்கள். அதே மாதிரியை மறுபடி ஓட்டினால் அதே பெயர் வரலாம். புதிய பதிவு ஏறாமல் பிழை வரும், அல்லது மேலெழுதும் கட்டளையானால் பழைய பதிவு அழிந்துவிடும். தனி எண் கொடுங்கள்.

பதிவதற்கு முன் 'gzip -t' கட்டளையால் சோதியுங்கள், பாதியில் அறுந்த கோப்பு சிக்கிவிடும். ஒரு ரீடுக்கு 4 வரிகள். ஆகவே வரி எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், ஒரே துண்டை இரு முனைகளிலிருந்தும் படித்த ஜோடிக் கோப்புகள் இருந்தால், இரண்டிலும் ரீடுகள் சமமாக இருக்க வேண்டும்.

குறிப்பிட்ட ஜீன் பகுதியின் ரீடுகள் தேவையா? ரீடுகளை மேற்கோள் ஜீனோமுடன் (ஒப்பீட்டுக்கு அடிப்படையான முழு டிஎன்ஏ வரிசையுடன்) ஒப்பிட்டு, இடவாரியாக வரிசைப்படுத்திய பேம் கோப்பை சாம்டூல்ஸ் என்ற மென்பொருளால் இன்டெக்ஸ் செய்தால் அந்தப் பகுதி மட்டும் நொடியில் கிடைக்கும். பேமைவிடச் சுருக்கமான க்ராம் வடிவத்துக்கு மாறினால் இடம் மிச்சம்தான், ஆனால் மேற்கோள் ஜீனோமின் பதிப்பையும் எம்டி5-யையும் பதிந்து வையுங்கள். பொதுவாக அந்த ஜீனோம் கைவசம் இல்லாமல் கோப்பைத் திரும்ப விரிக்க முடியாது.