நடுப் பாகத்தை மட்டும் வாங்கலாமா? (கேள்வி-பதில்)

கேள்வி (மல்லாவி): கிளிநொச்சியில் ஒரு பழைய சாமான் கடையில் பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) விளையாட்டுப் பெட்டிக்கான 'மாஸ் எஃபெக்ட் 2' வீடியோ கேம் டிஸ்க் 1,500 ரூபாய்க்கு இருக்கிறது. முதல் பாகம் விளையாடியதில்லை. இரண்டாவதில் கதை நகருமா, சும்மா இழுத்தடிப்பா?

பதில்: பெரிதாக நகராது, தம்பி. ஆனாலும் மூன்று பாகத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்.

2007இல் வந்த முதல் பாகம் முடியும்போது, உயிர்களை அழிக்கும் இயந்திரக் கூட்டமான ரீப்பர்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும். 2010இல் வந்த இரண்டாம் பாகம் முடியும்போதும் அவர்கள் வரப்போகிறார்கள், அவ்வளவுதான். இடையில் நடப்பது ஆள் சேர்ப்பு. கலியாணத்துக்குச் சொல்லப் போவதுபோல, நாம் ஆடும் பாத்திரமான ஷெப்பர்ட் கிரகம் கிரகமாக ஏறி இறங்குவார். கூப்பிட்ட ஆளுக்கெல்லாம் வீட்டில் ஒரு தீராத வழக்கு: ஒருத்திக்குத் தகப்பனோடு, ஒருவருக்கு மகனோடு. அதைத் தீர்த்துவைத்தால், கடைசிப் பயணத்தில் அந்த ஆள் உயிரோடு திரும்பும் வாய்ப்புக் கூடும். கதை நின்ற இடத்தில் நிற்க, ஆட்கள் நெருக்கமாகிவிடுகிறார்கள். அதில் எனக்குக் குறை இல்லை.

என் வயிற்றெரிச்சல் வேறு. கதையை மூன்றாம் பாகத்தின் வாசலில் கொண்டுபோய் விடுகிற துண்டு ஒன்று இருக்கிறது: 'அரைவல்'. அதை 2011 மார்ச்சில் தனிக் காசுக்கு விற்றார்கள். லாண்ட்மாஸ்டருக்கும் (இருசில்லு உழவு இயந்திரம்) அதன் பின்னால் இழுக்கும் பெட்டிக்கும் காசு வாங்கிவிட்டு, இரண்டையும் கொழுவுகிற ஆணிக்கு வேறு பில் போட்டால் நம் ஊரில் கடை திறக்க விடுவார்களா? போதாததற்கு, புது டிஸ்க்கோடு ஒருதடவை மட்டும் செல்லும் குறியீட்டு அட்டை ஒன்றையும் வைத்தார்கள். சில மேலதிகப் பகுதிகள் அதற்குள்தான். இரண்டாம் கையாக வாங்குகிறவருக்கு அட்டை இருந்தாலும் குறியீடு செத்துப்போயிருக்கும். பழைய சைக்கிள் வாங்கினால் பெல்லும் சேர்ந்துதானே வரும்? விளையாட்டு விற்பவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை யார் கொடுத்தது என்று பத்து வருடத்துக்கு மேலாகக் கேட்கிறேன். பதில் சொல்ல ஆளில்லை.

சரி, நானும் லேசுப்பட்டவனில்லை. புறக்கோட்டை நடைபாதையில் 'மூன்று பாகமும் ஒன்றாக' என்று அட்டைப்படம் போட்ட பொட்டலம் ஒன்று வாங்கி, வவுனியா பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் பிரித்தால் முதல் பாகம் ஒன்று, இரண்டாம் பாகம் இரண்டு.

உங்களிடம் பிஎஸ்3 மட்டும்தான் என்றால், கடையிலேயே டிஸ்க்கைப் போட்டு ஓடவிட்டுப் பார்த்து, விலையைக் குறைத்து வாங்குங்கள். முதல் பாகத்தின் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். பிஎஸ்4 அல்லது நல்ல கணினி வாங்கும் எண்ணம் இருந்தால் பொறுங்கள். 2021 மே மாதம் வந்த 'லெஜண்டரி எடிஷன்' மூன்று பாகத்தையும் 'அரைவல்' உட்பட ஒன்றாகத் தருகிறது. கணினியில் அதற்கு 120 ஜிபி இடம் வேண்டும். போன் டேட்டா கார்டில் இறக்குவதென்றால் அந்தக் கணக்கையும் முதலே போட்டுவிடுங்கள்.

கேள்வி (பரந்தன்): 'ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக்' முடித்துவிட்டேன். அடுத்த 'ரீபர்த்'தில் கதை முடியுமா?

பதில்: முடியாது, அது மூன்றில் இரண்டாவது. ஆனால் ஓடும்: 2020இல் வந்த முதலாவது மிட்கார் நகரத்தை விட்டு வெளியேறவே முழு ஆட்டத்தையும் தின்றது, 2024இல் வந்தது ஊர் உலகமெல்லாம் சுற்றுகிறது.

கேள்வி (வவுனியா): 'ரீபர்த்' டிஸ்க் வாங்கினேன். என் பிஎஸ்5இல் டிஸ்க் போட இடமே இல்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை. உங்களுடையது டிஜிட்டல் எடிஷன், டிஸ்க் இல்லாமல் இணையத்தில் இறக்கி விளையாடும் மாதிரி. வீட்டில் இருக்கிற பெட்டியை ஒருதடவை திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? 2023 கடைசியில் வந்த மெலிந்த மாதிரி என்றால் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கிப் பூட்டலாம். பழையது என்றால் டிஸ்க்கை விற்றுவிடுங்கள். கடைக்காரரை விட்டுவிடுங்கள்.

கேள்வி (முள்ளியவளை): காலபோக வெட்டு முடிந்த காசில் மகனுக்குப் பழைய பிஎஸ்4 ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாதம் உத்தரவாதம் என்று வாயால் சொன்னார்கள், பற்றுச்சீட்டுத் தரவில்லை. மூன்றாம் கிழமை நின்றுவிட்டது. கொண்டுபோனால், 'உன் பிள்ளை உடைத்திருப்பான்' என்று எல்லாருக்கும் முன்னால் ஏசினார்கள்.

பதில்: அம்மா, இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. பற்றுச்சீட்டுக் கேட்க வெட்கப்பட்டு நானும் ஒரு தண்ணீர்ப் பம்ப் வாங்கி, பிறகு கிணற்றடியில் நின்று முழித்தவன்தான்.

கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம். இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய் இப்போதாவது கேளுங்கள். தராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழையுங்கள். முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் போய்ச் சேரவேண்டும். வாங்கிய திகதி, கொடுத்த காசு, சொன்ன உத்தரவாதம், கூட வந்தவர் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். கடையிலிருந்து போனில் ஏதாவது செய்தி வந்திருந்தால் அழிக்காதீர்கள். பெட்டியை வேறு யாரிடமும் திறக்கக் கொடுக்கவும் வேண்டாம். திறந்தால் பழி உங்கள் மேல்தான் வரும்.

ஏசியதையும் அந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள்.