ரேடார் தொலையுணர்வு ஆய்வகத்தில் சேர்ந்தால் நாள் முழுவதும் கணினி முன்னால்தான் உட்கார வேண்டுமா?

நீங்கள் ஈரோடு, கோவைப் பக்கம் பொறியியல் முடித்துவிட்டு, ஆய்வகம் என்றால் ஏசி அறை என்று நினைத்துக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் போனேன். மூன்று ஆண்டு இருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். எல்லா ஆய்வகமும் இப்படித்தான் என்றும் நான் சொல்லவில்லை.

கணினி வேலை உண்டு. சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள், தரைக்கு நுண்ணலை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து எடுக்கும் ரேடார் படங்கள் 2014 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை இறக்கி, படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும் இரைச்சலை வடிகட்டி, எவ்வளவு அலை திரும்பியது என்று வயல் வயலாக எண் எடுக்க வேண்டும். கார்த்திகையில் சாதாரணச் செயற்கைக்கோள் படத்தில் மேகம்தான் தெரியும்; ரேடாரின் நுண்ணலை மேகத்தைத் தாண்டி வந்துவிடும். தண்ணீர் கட்டிய புதுநடவு வயல் அந்த அலையை அப்பால் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாகக் கிடக்கும். தூர் கட்டக் கட்ட வெளுக்கும். (மற்றப் படக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம். மாசியில் உங்கள் படம்தான் தெளிவு.)

ஆனால் அந்த எண் சரியா என்று பார்க்க வயலில் இறங்கியாக வேண்டும். செயற்கைக்கோள் நம் பக்கம் கடப்பது விடிகாலை ஆறு மணி சுமாருக்கு. கோபி அருகே, கீழ்பவானிப் பாசன வயலில், முழங்கால் சேற்றில் ஸ்கேலை நட்டு நீர் ஆழமும் பயிர் உயரமும் குறிப்போம். வரப்பில் ஒரு கார்னர் ரிஃப்ளெக்டர் வைத்திருந்தோம். மூன்று அலுமினியத் தகடுகளை அறை மூலைபோல் சேர்த்தது. வந்த அலையை வந்த வழியே திருப்பி அனுப்பும். படத்தில் வெள்ளைப் புள்ளியாக மின்னும். மழைத்தண்ணீர் தேங்காமலிருக்க அடியில் ஓட்டைகூட நான்தான் போட்டேன்.

ஒருமுறை படத்தில் புள்ளியைக் காணோம். இரண்டு நாள் நிரலில் தவறு தேடிவிட்டு நேரில் போனால், கிழக்கு வானத்தைப் பார்த்து வைத்தது மேற்கே திரும்பி நிற்கிறது. தோட்டத்து ஆத்தா சாவகாசமாகச் சொன்னார்: "மயில் மேற்கேயிருந்துதானே சாமி வருகிறது? நீ மேலே பார்த்து வைத்தால் அது எப்படிப் பயப்படும்?"

கதிர் கொத்தும் மயிலை விரட்டவும் முடியாமல் சுடவும் முடியாமல் தவிப்பவரிடம் நான் என்ன வாதாடுவது? ஒரு தகரம் வாங்கி, மேற்கே பார்த்து அவருக்கென்று தனியாக நட்டுக்கொடுத்தேன்.

இன்னொன்று, உதவித்தொகை. எனக்கு ஏழு மாதம் வரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சிலர் எழுதுவீர்கள். கடன் வாங்கி மெஸ் பில் கட்டியவர்கள் எழுத மாட்டார்கள். பெட்ரோல் ரசீதில் வண்டி எண் இல்லை என்று இரண்டு முறை திருப்பினார்கள். அந்தத் தகரத்தின் ரசீதில் 'காரணம்' என்ற கட்டத்தில் மயில் என்று எழுதிக் கொடுத்தேன். அது திரும்பிக்கூட வரவில்லை.