போன் லைன் வழியாக இணையத்துக்குப் போன டயல்-அப் காலத்தில் வீட்டில் இரண்டு கணினி இருந்தால், மின்னஞ்சல் மென்பொருள் ஏன் திரும்பத் திரும்பக் கடவுச்சொல் கேட்டது?

கடவுச்சொல் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அஞ்சல் பெட்டி பூட்டிக் கிடந்திருக்கும்.

2000 வாக்கில் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான். ஹாலில் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு போட்ட கணினி, அதில் போன் லைனில் டயல் செய்து இணையத்தைப் பிடிக்கும் 56கே மோடம். அண்ணன் அறையில் இன்னொரு கணினி. இம்பி பிளாசா கணினிக் கடைகளில் வாங்கிய நெட்வொர்க் கார்டுகளும் ஒரு கேபிளும் இரண்டையும் இணைத்தன. விண்டோஸிலேயே இருந்த இணைப்புப் பகிர்வு வசதியை இயக்கினால், மோடம் உள்ள கணினி 192.168.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளும். மற்றது அதன் வழியாக வெளியே போகும். இரண்டிலும் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மின்னஞ்சல் மென்பொருள். ஆனால் அஞ்சல் பெட்டி அப்பா பெயரில் இருந்த ஒன்றே ஒன்றுதான். வம்பு அங்கேதான் தொடங்கும்.

இணைய நிறுவனத்தின் அஞ்சல் கணினியிலிருந்து, அதாவது சர்வரிலிருந்து, கடிதங்களை இறக்கும் பாப்3 முறையில் ஒரு பெட்டியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். உள்ளே ஆள் இருக்கும் குளியலறை மாதிரி. ஹால் கணினி கடிதங்களை இறக்கிக்கொண்டிருக்கும்போது அண்ணன் போய்த் தட்டினால் சர்வர் மறுத்துவிடும். கடவுச்சொல்லை அனுப்பிய கையோடு அந்த மறுப்பு வருவதால், கடவுச்சொல்தான் தப்பு என்று மென்பொருள் முடிவு கட்டி, அதைக் கேட்கும் சின்னச் சாளரத்தை மறுபடி நீட்டும். வீட்டில் ஆளாளுக்கு வெவ்வேறு கடவுச்சொல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். அதற்கு அப்புறம் அது நிஜமாகவே தப்பாகிவிடும்!

லைன் அறுந்தால் இன்னும் மோசம். கோலாலம்பூரில் சாயங்கால இடிமழைக்குக் கேட்கவா வேண்டும்? மழை இல்லாவிட்டாலும், அடுப்படியில் யாராவது போனைத் தூக்கினால் போதும். நம் பக்கம் இணைப்பு போய்விட்டது சர்வருக்குத் தெரியாது. பூட்டைப் பிடித்தபடியே காத்திருக்கும். 1996இல் வந்த பாப்3 விதிப்படி, சும்மா இருக்கும் இணைப்பைச் சர்வர் தானாகத் துண்டிப்பதாக இருந்தால் குறைந்தது 10 நிமிடமாவது பொறுக்க வேண்டும். ஆகவே தேநீர் குடித்துவிட்டு வந்தால் தானாகச் சரியாகும். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டவர்களுக்கும் அந்த இடைவெளிதான் உதவியது என்பது என் சந்தேகம்.

ஒரே கடிதம் மறுபடி மறுபடி வந்ததற்கும் காரணம் இதுதான். முறைப்படி விடைபெறும் கட்டளை போன பிறகுதான் சர்வர் எதையும் அழிக்கும். நடுவில் லைன் போனால் இறக்கியதெல்லாம் அங்கேயே இருக்கும். உறவினர் யாராவது 3 எம்பி கல்யாணப் படம் அனுப்பினால், மின்னஞ்சலுக்கு ஏற்றபடி மாற்றும்போது அது 4 எம்பி ஆகும். 56கே மோடத்தில் நடைமுறையில் நொடிக்கு 4, 5 கேபி வந்தாலே பெரிது. கால் மணி நேரம் ஓடி, கடைசியில் அறுந்தால் முதலிலிருந்து. அதற்குப் பின்னால் நிற்கும் கடிதங்கள் எல்லாம் காத்துக் கிடக்கும். இதற்கு நல்ல வழி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கடிதத்தைச் சர்வரிலிருந்து இறக்காதே என்று அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஒரு விதி போடுவது. தெரிந்தவர்கள் சர்வருக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் டெல்நெட் வழியாக, பாப்3க்கு உரிய 110ஆம் போர்ட்டுக்குப் போய், பட்டியலைப் பார்த்து, அந்த ஒன்றை மட்டும் அழித்துவிடுவார்கள்.

இரண்டாவது கணினியில் மின்னஞ்சல் கணக்கின் இணைப்பை லேன் (வீட்டுக்குள் கேபிள் வழி இணைப்பு) என்று வைக்க வேண்டியிருந்தது; இல்லையென்றால் அது இல்லாத மோடத்தைத் தேடும். சர்வரில் நகலை விட்டுவை என்பதையும் அங்கே டிக் செய்துவிட்டால் ஹால் கணினிக்கு எல்லாக் கடிதமும் கிடைக்கும். சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் 1 நிமிடம்தான் இருக்கும், அதை 5 நிமிடத்துக்கு இழுத்துவிடுவோம். தானாகக் கடிதம் பார்க்கும் வசதியை இரண்டிலும் அணைத்தே தீர வேண்டியிருந்தது. இல்லையென்றால், அண்ணன் கணினி நடுராத்திரியில் கடிதம் பார்க்க, ஹாலில் மோடம் கிர்ரென்று தானே டயல் செய்யும். மாதக் கடைசியில் அப்பா போன் பில்லோடு வருவார்.

கடிதம் வருகிறது, அனுப்பத்தான் முடியவில்லை என்றால் அது வேறு கதை. ஒரு இணைய நிறுவனத்தின் எண்ணில் டயல் செய்து இன்னொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பப் பார்த்தால், குப்பை அஞ்சலுக்குப் பயந்து அது ஏற்காது. எந்த லைனில் இருக்கிறோமோ அந்த நிறுவனத்தின் அனுப்பும் சர்வரைப் போட வேண்டியிருந்தது. சர்வர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நம் கணினியையே குறிக்கும் 127.0.0.1 என்ற எண் இருந்தால், வைரஸ் தடுப்பு மென்பொருள் நடுவில் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அதை நீக்கிய பிறகும் சில சமயம் அந்த எண் அப்படியே நிற்கும். கையால்தான் மாற்ற வேண்டும்.

தமிழில் எழுதிய கடிதம் கிறுக்கலாக வந்தால் மட்டும் லைனைத் திட்ட வேண்டாம். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில், தமிழ் எழுத்துகளுக்கான திஸ்கி குறியீட்டில் அடித்திருப்பார்கள். எந்தக் குறியீட்டில் படிப்பது என்று சொல்லும் என்கோடிங்கை யூசர் டிஃபைன்ட் என்று மாற்றி, அதற்குத் திஸ்கி எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து வந்துவிடும்.