ஒரு எண்ணை மாற்ற எனக்கு 11 நாள் ஆனது

கேள்வி: ஃபைல் சிஸ்டத்தில் பேஜ் கேஷ் அலைன்மென்ட் பிழையைச் சரிசெய்த அனுபவம் உண்டா? ஒரு வரியை மாற்றுவதற்கு எதற்கு இத்தனை நாள்?

இரண்டாவது கேள்வியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, உங்களுக்கும் ஒரு மேனேஜர் வாய்த்திருக்கிறார். எனக்கு 11 நாள் ஆனது. மாற்றியது ஒரு வரி, அதிலும் ஒரே ஒரு எண்.

ஆற்காட்டில் வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். டிஸ்கில் ஃபைல்களை எழுதிப் படிக்கும் மென்பொருளான ஃபைல் சிஸ்டம் ஒன்று அவர்களுக்குச் சொந்தமாக உண்டு. ஆர்ம் வகைப் பிராசஸரில் ஓடும் சர்வர் வைத்திருந்த வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது: எழுதியது ஒன்று, படித்தால் இன்னொன்று. ரீபூட் செய்தால் சரியாகிவிடுகிறதாம்.

படித்த ஃபைலை ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னல் மெமரியில் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்ளும். அதுதான் பேஜ் கேஷ். டைரக்ட் ஐஓ என்ற முறை அதைத் தாண்டி நேராக டிஸ்கில் எழுதும். எழுதிய கையோடு அந்த இடத்துக்கான பழைய பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து சாதாரணமாகப் படிப்பவருக்குப் பழைய சரக்குதான் கிடைக்கும். எங்களிடம் தூக்கிப் போடும் புரோகிராம் கோடு இருந்தது, ஒழுங்காக ஓடவும் செய்தது. அதனால் முதலில் டிஸ்க் மேல் சந்தேகம், அப்புறம் ராம் மேல். அதிலேயே ஐந்து நாள் போனது. “இன்னாடா, இன்னும் அந்தத் தப்பு சிக்கலயா?” என்று அம்மா தினமும் சாப்பாட்டுத் தட்டோடு வந்து கேட்பார்.

ஆறாம் நாள் 2 எம்பி ஃபைல் ஒன்றை ஏ என்ற எழுத்தால் நிரப்பி, முழுக்க ஒருமுறை படித்துவிட்டு, 64 கேபி தள்ளி டைரக்ட் ஐஓவில் பி என்று எழுதினேன். பைட்டுகளை எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ்டம்பில் 42 (அதாவது பி) வர வேண்டிய இடத்தில் வரிசையாக 41, 41, 41 (எல்லாம் ஏ). பேஜ் கேஷைக் காலி செய்ய டிராப் கேஷஸில் 1 போட்டுவிட்டுத் திரும்பப் படித்தால் 42. அப்போது டிஸ்க் ஒரு பாவமும் செய்யவில்லை. எந்தப் பக்கம்தான் வெளியே போகிறது என்று அச்சிடச் சொன்னேன். பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் போக வேண்டியது 1-ஆம் பக்கம். போனது 16-ஆம் பக்கம்.

65536-ஐ 4096-ஆல் வகுத்தால் 16. விஷயம் அவ்வளவுதான். பக்கத்தின் அளவு 4 கேபி என்று நினைத்து, ஆஃப்செட்டை (ஃபைலின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்பதை) 12 பிட் நகர்த்தி, அதாவது 4096-ஆல் வகுத்து, பக்க எண் கண்டுபிடிக்கும்படி யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஆர்ம் கர்னலில் பக்கம் 64 கேபி, நகர்த்த வேண்டியது 16 பிட். எங்கள் தெருவில் கதவுக்குக் கதவு பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். கூரியர்க்காரர் பழைய எண்ணை வைத்துக்கொண்டு சம்பந்தமில்லாத வீட்டு மணியை அடிப்பதைப் போலத்தான் இதுவும்.

டெஸ்டில் ஏன் பிடிபடவில்லை? எங்கள் டெஸ்ட் எல்லாமே ஃபைலின் தொடக்கத்திலிருந்து எழுதுபவை. முதல் 4096 பைட்டுக்குள் தொடங்கினால் எதைக் கொண்டு வகுத்தாலும் பூஜ்ஜியம்தானே! 12-ஐ எடுத்துவிட்டு, கர்னலின் பக்க அளவுக்கேற்ற எண்ணைத் தரும் பேஜ் ஷிஃப்ட் மாறிலியைப் போட்டேன், முடிந்தது.

“64 கேபி பக்கமெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள்” என்று பின்னூட்டத்தில் வரப்போகும் அறிவாளிகளுக்கு: ரெட் ஹாட் லினக்ஸ் 8-இன் ஆர்ம் கர்னல் அப்படித்தான் வந்தது. “படிப்பதில்தானே தப்பு, டிஸ்கில் சரியாக இருக்கிறதே” என்பவர்களுக்கு: அந்தப் பழைய பக்கத்தில் ஒரு பைட்டை மாற்றினாலும் எங்கள் ஃபைல் சிஸ்டம் 64 கேபியையும் சேர்த்து டிஸ்கில் எழுதும். புதிய டேட்டா மேல் பழையது ஏறி உட்கார்ந்துவிடும். அப்புறம் ரீபூட் செய்தும் பயனில்லை. அந்தக் கோடு நான் சேர்வதற்கு முன்பே எழுதியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்ரைசலில் இது “சிறு திருத்தம்” என்று பதிவானது. சரி, போகட்டும்.

பழைய எண் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. தாத்தாவின் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம். என் ஆதாரில் வேலூர் மாவட்டம். 2019-இலிருந்து நாங்கள் ராணிப்பேட்டை மாவட்டம். வீடு அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் ஓர் அலுவலகத்தில் மூன்றும் ஒரே ஊர்தான் என்று நிரூபிக்கச் சான்று கேட்டு இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். 12-ஐ மாற்றியது போல அதையும் மாற்ற எனக்கு அனுமதி இல்லையே.

உங்கள் பிழைக்கு வருவோம். கோடில் 12, 4095, 4096 என்று நேரடியாக எழுதியிருக்கும் இடங்களைத் தேடிப் பாருங்கள். எங்களிடம் இன்னும் மூன்று இடத்தில் இருந்தன.