பழைய காரில் இரவில் ஸ்பீடோமீட்டர் மங்கலாகத் தெரிகிறது. எல்இடி பல்பு மாற்றினால் சரியாகுமா?

மாற்றலாம். ஆனால் பல்புக் கடைக்குப் போகும் முன்னால் எர்த்தை, அதாவது மின்சாரம் வண்டியின் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பைப் பாருங்கள். எந்த வண்டி என்று நீங்கள் சொல்லவில்லை. மாருதி 800 காலத்து வண்டி, மீட்டருக்குள் குண்டு பல்பு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்களுடையது அப்பா வாங்கிய 800. வீடு குளச்சல் பக்கம். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே உதிரும் ஊரில் ஒயர் மட்டும் தப்புமா? இருட்டினால் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பக்கத்தில் இருப்பவர் செல்போன் லைட் அடிக்க வேண்டும். நாகர்கோவிலில் ஒரு கடையில் மீட்டர் செட்டையே மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவர், வயதானவர், மல்டிமீட்டரை எடுத்து ஹோல்டரில் வைத்தார். பேட்டரியில் 12.5 வோல்ட், இங்கே 10 சொச்சம். "கறண்டே ஒழுங்கா வரல்ல மக்கா, பல்பு என்ன செய்யும்?" என்றார். குண்டு பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடும்.

டாஷ்போர்டுக்கு அடியில் பாடியோடு முடுக்கியிருந்த எர்த் ஒயரைக் கழற்றினால், அதன் வளையம் பாசி பிடித்ததுபோல் பச்சையாக இருந்தது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வாசலின் தடவினார். மீட்டருக்குப் பின்னால் ஹோல்டர் தொடும் செம்புத் தடங்களைப் பென்சில் ரப்பரால் துடைத்தார். கறுத்த பல்புகளுக்குப் பதில் அதே வாட்ஸில் புதியவை. முள் தெரிந்தது, கிலோமீட்டர் எண்ணும் தெரிந்தது.

எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். எல்இடி கெட்டது என்று நான் சொல்லவில்லை. போட்டு எரியாவிட்டால் திருப்பிப் போடுங்கள், பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். பேட்டரி படம் போட்ட சார்ஜிங் விளக்கை மட்டும் எல்இடிக்கு மாற்றாதீர்கள். பல பழைய வண்டிகளில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்க வேண்டிய மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது; எல்இடி வழியாகப் போவது அதற்குப் போதாமல் போகலாம். வாட்ஸ் கூடிய பல்பும் வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக் இளகும். எதைக் கழற்றினாலும் முதலில் பேட்டரி மைனஸை எடுத்துவிடுங்கள்.

இதற்கும் ஒருவர் வந்து "வித்துட்டுப் புதுசு வாங்குங்க" என்பார். எங்கள் சொந்தத்திலும் அப்படி ஒருவர் உண்டு. கல்யாண மண்டப வாசலில் என் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பார். அவருடைய புது வண்டியில் வெள்ளை எல்இடி ஹெட்லைட். எதிரே யார் வந்தாலும் ஹைபீமை இறக்க மாட்டார். ராத்திரி மார்த்தாண்டம் மேம்பாலத்தில் அவர் எதிரே வந்தால், மீட்டர் என்ன, ஸ்டியரிங்கே எனக்குத் தெரிவதில்லை.