‘கேன்’ என்றால் முடியுமா, தெரியுமா, செய்யலாமா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மாதந்தோறும் கூடும் எங்கள் மொழிபெயர்ப்பு வட்டத்தில் இம்முறை ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டோம். அது ‘கேன்’ (can). பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்பதால் விடை சொல்லும் பொறுப்பு என்மீது விழுந்தது. எழுதிக் கொடுக்கப்பட்ட கேள்விகளையும் என் விடைகளையும் சற்றே சீர்ப்படுத்தி இங்கே தருகிறேன்.

கேள்வி (செந்தூல், தொடக்கப்பள்ளி ஆசிரியை): ‘கேன்’ என்றால் ‘முடியும்’ என்றே மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். அது போதுமா, ஐயா?

பதில்: போதாது, அம்மா. பெரும்பாலான குழப்பங்கள் அந்த ஒற்றைச் சொல் விளக்கத்திலிருந்துதான் தொடங்குகின்றன. ‘ஷீ கேன் ஸ்விம்’ என்ற வாக்கியத்தைத் தமிழில் இயல்பாகச் சொன்னால் ‘அவளுக்கு நீந்தத் தெரியும்’ என்போம். ‘அவளால் நீந்த முடியும்’ என்று சொன்னால், காய்ச்சல் தணிந்துவிட்டது அல்லது கால் கட்டு அவிழ்ந்துவிட்டது, ஆகவே இன்று நீந்த உடல் இடம்கொடுக்கும் என்ற எண்ணம் கேட்பவருக்கு வந்துவிடும். ‘யூ கேன் கோ’ என்பது ‘நீ போகலாம்’. ‘பினாங்கில் செப்டம்பரில் இட் கேன் ரெயின் ஹெவிலி’ என்றால், அங்கே முடிவதும் இல்லை, தெரிவதும் இல்லை. ‘கனமழை பெய்வதுண்டு’ என்பதே பொருத்தம். ஆங்கிலத்தின் ஒரே சொல் தமிழில் தெரியும், முடியும், -லாம், உண்டு என்று நான்கு வீடுகளில் குடியிருக்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்றை மாணவர்களுக்குக் காட்டலாம். தமிழில் எழுவாயின் வேற்றுமையே மாறிவிடுகிறது: அவளுக்குத் தெரியும், அவளால் முடியும், அவள் போகலாம். ஆங்கிலத்தில் மூன்று இடத்திலும் ‘ஷீ’ அசையாமல் நிற்கிறது. ஆகவே வாக்கியத்தைக் கையில் எடுத்ததும் ‘அவளுக்கா, அவளாலா, அவளா’ என்று மாணவர் தம்மையே கேட்டுக்கொண்டால், பொருள் தானாகப் பிரிந்துவிடும். மலாய் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: இயல்வதற்கும் அனுமதிக்கும் ‘போலே’ ஒன்றே போதும், ஆனால் கற்ற திறமைக்கு ‘பண்டாய்’ என்று தனிச்சொல் வந்துவிடும். நம் பிள்ளைகள் மூன்று மொழிகளிலும் புழங்குகிறவர்கள் என்பதால், இந்த ஒப்பீட்டை அவர்கள் மிக விரைவாகப் பிடித்துக்கொள்வதை என் வகுப்பிலேயே கண்டிருக்கிறேன்.

கேள்வி (கெப்போங், கல்லூரி மாணவர்): இத்தனை பொருள்களில் முதலில் வந்தது எது?

பதில்: ‘தெரியும்’ என்பதுதான், தம்பி. பழைய ஆங்கிலத்தில் ‘குன்னன்’ என்ற வினைக்கு ‘அறிதல்’ என்று பொருள். ஒன்றைச் செய்யும் வகையை அறிந்தவன் அதைச் செய்ய வல்லவன் என்ற வழியில் திறமையைக் குறித்து, பின்பு எந்த இயலுமையையும் குறிக்கும் சொல்லாக விரிந்தது. அனுமதிப் பொருள் இவற்றுக்கெல்லாம் பிந்தியது. பழைய பொருளின் எச்சங்கள் இன்றும் உள்ளன: தந்திரத்தைக் குறிக்கும் ‘கன்னிங்’ முதலில் ‘அறிவுடைய’ என்றே பொருள்பட்டது, நாகரிகமற்றவரைச் சொல்லும் ‘அன்கூத்’ முதலில் ‘அறியப்படாத’ என்பதாகும். ஸ்காட்லாந்தில் ‘கென்’ என்றால் இன்னமும் ‘அறி’தான். ஜெர்மானியர் தங்கள் மொழி தெரியும் என்று சொல்ல ‘இஹ் கன் டாய்ச்’ என்பார்கள். ‘எனக்கு ஜெர்மன் தெரியும்’ என்று நாம் சொல்வதற்கு அது எவ்வளவு அருகில் இருக்கிறது பாருங்கள்! ஆங்கிலம் கைவிட்ட இடத்தில் தமிழ் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

கேள்வி (அதே மாணவர்): அப்படியானால் ‘ஹீ ஸ்விம்ஸ்’ என்பதுபோல் ‘ஹீ கேன்ஸ்’ என்று ஏன் வருவதில்லை?

பதில்: நல்ல கேள்வி. ‘கேன்’ என்பது அமைப்பில் ஒரு பழைய இறந்தகால வடிவம். ‘அறிந்துகொண்டான்’ என்ற இறந்தகாலம், ‘ஆகவே இப்போது அறிவான்’ என்று நிகழ்காலப் பொருளுக்கு நகர்ந்துவிட்டது. இறந்தகால வடிவத்தில் அந்த ‘ஸ்’ விகுதி சேராது. அந்தப் பழக்கம் பொருள் மாறிய பின்னும் மாறவில்லை. இது விந்தையாகத் தோன்றினால், பாடம் நடத்தும்போது நான் ‘புரிந்ததா?’ என்று கேட்க நீங்கள் ‘புரிந்தது’ என்று சொல்வதை எண்ணிக்கொள்ளுங்கள். வடிவம் இறந்தகாலம், நீங்கள் சொல்வதோ இந்த நொடியின் நிலை.

‘ஹீ கேன்ஸ்’ என்று வரும் ஓர் இடமும் உண்டு, ஆனால் அது வேறு சொல்: தகரக் குவளையில் உணவை அடைத்தல். இரண்டும் ஒலியில் ஒன்றானதால் ‘தே கேன் ஃபிஷ்’ என்ற வாக்கியம் ‘அவர்களுக்கு மீன் பிடிக்கத் தெரியும்’ என்றும் ‘அவர்கள் மீனை டின்னில் அடைக்கிறார்கள்’ என்றும் பொருள்படும்.

கேள்வி (கோலாலம்பூர், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்): சாட்சி ஒருவர் ‘அவர் என்னிடம் சொல்லியிருக்கலாம்’ என்கிறார். ‘குட் ஹேவ்’ (could have) என்று பெயர்த்தால் சரியா?

பதில்: இன்று வந்த கேள்விகளில் மிக ஆபத்தானது இதுதான், ஐயா. சரியாக இருக்கலாம், முற்றிலும் தவறாகவும் இருக்கலாம். ‘செய்யலாம்’ என்பது ‘செய்யல்’ என்ற தொழிற்பெயரோடு ‘ஆம்’ சேர்ந்து பிறந்தது. செய்வது ‘ஆகும்’ என்பது அதன் அடிப்படை. ஆகும் என்பதிலிருந்து அனுமதியும் வரும், வாய்ப்பும் வரும், ‘வாருங்கள், சாப்பிடப் போகலாம்’ என்ற அழைப்பும் வரும். இறந்தகாலத்தோடு சேரும்போது அது இரண்டு எதிரெதிர்த் திசைகளில் செல்கிறது. ‘ஒருவேளை சொன்னாரோ என்னவோ, எனக்கு நினைவில்லை’ என்பது ஒன்று. ‘சொல்ல வாய்ப்பு இருந்தும் சொல்லவில்லையே’ என்ற குறை மற்றொன்று. முதலாவதில் பேச்சு நடந்ததா என்பது ஐயம்; இரண்டாவதில் அது நடக்கவில்லை என்பது உறுதி. ஒரு வழக்கு இந்த வேறுபாட்டின்மீதே நிற்கக்கூடும்.

கெட்ட வாய்ப்பாக, ‘குட் ஹேவ்’ என்பதும் இதே இரட்டைத்தன்மை உடையது. அதனால் மொழிபெயர்ப்பு மேலோட்டமாகப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் சாட்சியின் குரலில் இருந்த வருத்தமோ தயக்கமோ பதிவேட்டில் ஏறாது. ஐயப்பொருள் என்று தெளிவானால் ‘மே ஹேவ்’ என்பது பாதுகாப்பானது. குறைப்பொருள் என்றால் ‘குட் ஹேவ்’ என்று சொல்லி, ‘பட் டிட் நாட்’ என்பது சாட்சியின் கருத்தா என்று தெளிவுபெற வேண்டும். எந்தப் பொருள் என்பதை நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்; சொற்றொடர் இருபொருள் படுகிறது என்று நீதிபதியிடம் தெரிவித்து, சாட்சியிடம் மீண்டும் கேட்க அனுமதி பெறுவதே முறை. மொழிபெயர்ப்பாளர் குறுக்கிடுவதாகச் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கேள்வி (பட்டர்வொர்த், அலுவலக ஊழியர்): ‘நேற்றுக் கடைசி ஃபெரியைப் பிடிக்க முடிந்தது’ என்பதற்கு ‘ஐ குட் கேட்ச்’ என்று எழுதியதை என் மேலாளர் திருத்திவிட்டார். ‘கேன்’ என்பதன் இறந்தகாலம் ‘குட்’ தானே?

பதில்: உங்கள் மேலாளர் செய்தது சரி. ‘குட்’ என்பது கடந்த காலத்தில் இருந்த பொதுவான திறமையைச் சொல்லும்: சிறுவயதில் எனக்கு மரம் ஏறத் தெரியும் என்பதுபோல. குறிப்பிட்ட ஒருநாளில் முயன்று ஒன்றை முடித்தேன் என்று சொல்ல ‘வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘மேனேஜ்ட் டு’ வேண்டும். தமிழில் ‘முடிந்தது’ என்றாலே செயல் நிறைவேறிவிட்டது என்று பொருள். ஏனென்றால் அச்சொல்லின் வேரே ‘நிறைவுறுதல்’. ஆங்கிலத்தின் ‘குட்’டில் அந்த உறுதி இல்லை. எதிர்மறையில் இந்தச் சிக்கல் எழாது: ஃபெரியைத் தவறவிட்டிருந்தால் ‘ஐ குட் நாட் கேட்ச்’ என்று தாராளமாக எழுதியிருக்கலாம்.

‘குட்’ (could) என்பதன் எழுத்தில் உள்ள ‘எல்’ ஒலிக்கப்படுவதில்லை அல்லவா? அது பிறப்பிலேயே அங்கு இருந்ததும் இல்லை. ‘வுட்’, ‘ஷுட்’ ஆகிய சொற்களில் முறையாக இருந்த எழுத்தைப் பார்த்து, பிற்காலத்தில் இதற்கும் சேர்த்துவிட்டார்கள்.

கேள்வி (பத்து கேவ்ஸ், தாய் ஒருவர்): ‘ஐ கேன் ஏபிள் டு டூ’ என்று என் மகன் எழுதுகிறான். தவறா?

பதில்: தவறு. ஒரே பொருளை இருமுறை சொல்வது. ஒன்றை வெட்டிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி (கோலாலம்பூர், வாடிக்கையாளர் சேவை மையப் பணியாளர்): ‘கேன்’ என்று நான் சொன்னால் அமெரிக்க வாடிக்கையாளர்கள் ‘கேன்ட்’ என்று புரிந்துகொள்கிறார்கள். என் உச்சரிப்பு அவ்வளவு மோசமா?

பதில்: மோசமில்லை, அம்மா, மிகத் தெளிவாக இருப்பதுதான் தொல்லை. அவர்கள் இயல்பாகப் பேசும்போது, வாக்கியத்தின் நடுவில் வரும் ‘கேன்’ தேய்ந்து ‘கன்’ என்றோ வெறும் ‘க்ன்’ என்றோ ஆகிவிடும். அழுத்தம் அடுத்து வரும் வினைமீது விழும். ‘கேன்ட்’ மட்டுமே முழு உயிரோடும் அழுத்தத்தோடும் ஒலிக்கும், அதன் கடைசி ‘ட்’ பெரும்பாலும் காதில் விழாது. ஆகவே அவர்கள் ‘ட்’டைத் தேடுவதில்லை, அழுத்தத்தைத்தான் கேட்கிறார்கள். நாம் தமிழில் ஒவ்வோர் அசைக்கும் உரிய இடம் கொடுத்துப் பேசிப் பழகியவர்கள். நீங்கள் நிறுத்தி, அழுத்தி ‘ஐ கேன் ஹெல்ப்’ என்னும்போது அவர் காதில் மறுப்பாக விழுகிறது. உடன்பாட்டில் ‘கேன்’ஐ விழுங்கிவிடுங்கள், மறுப்பில் ‘கேனாட்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் முறையில் ‘கான்ட்’ என்று நெடிலாக ஒலித்தாலும் குழப்பம் வராது.

கேள்வி (ஜார்ஜ் டவுன், கடைக்காரர்): என் மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். நான் ‘கேன் லா’, ‘கேன் ஆர் நாட்’ என்று பேசுவதைக் கேட்டு வெட்கப்படுகிறாள். அது கெட்ட ஆங்கிலமா?

பதில்: சிங்கப்பூரிலும் அப்படித்தானே பேசுகிறார்கள்! அதைத் தேர்வுத்தாளில் எழுதக்கூடாது, கடையில் தாராளமாகப் பேசலாம். அதற்கு இலக்கணம் இல்லை என்று நினைப்பதுதான் பிழை. மலாயில் ‘போலே தா?’ என்று கேட்டு ‘போலே’ என்று விடை பெறுவோம். உங்கள் ஊர்ச் சீனர் பேசும் ஹொக்கியனில் ‘ஏ சாய் போ?’, இங்குள்ள சீனரின் கண்டோனிஸில் ‘தக் ம் தக்?’. கேள்வியில் வந்த வினையையே விடையாகத் திருப்பிச் சொல்வது இம்மொழிகளின் வழக்கம். தமிழிலும் ‘வருவீர்களா?’ என்றால் ‘வருவேன்’ என்போமே தவிர, ‘ஆம்’ என்று நிறுத்துவது பேச்சில் அரிது. ‘லைக் தட் ஆல்சோ கேன்’ என்பது ‘அப்படியும் செய்யலாம்’ என்பதன் சொல்லுக்குச் சொல்லான உடை. ‘ஆல்சோ’ நின்ற இடத்தில் நம் உம்மை நிற்கிறது. வெள்ளையர் சொல் ஒன்றை வாங்கி, நம் பகுதியின் மொழிகள் சேர்ந்து தங்கள் இலக்கணத்தில் உட்கார வைத்திருக்கின்றன.

‘நோ கேன் டூ’ என்று ஆங்கிலேயரே இன்று சொல்வதும் சீனத் துறைமுகங்களில் வணிகத்துக்காகப் பிறந்த கலப்பு ஆங்கிலத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டதுதான். இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். இன்னொன்று: மலாயில் வாக்கிய இறுதியில் வரும் ‘கான்?’, ‘புக்கான்’ என்பதன் குறுக்கம். ‘பானாஸ், கான்?’ என்றால் ‘சூடாக இருக்கிறது, இல்லையா?’ என்று பொருள். அதற்கும் இந்தக் ‘கேன்’னுக்கும் உறவில்லை.

கேள்வி (பங்சார், ஓய்வுபெற்றவர்): எங்கள் காலத்தில் ‘கேன் ஐ கோ டு தி டாய்லெட்’ என்று கேட்டால் ஆசிரியர், ‘உன்னால் முடியுமா என்பது எனக்கு எப்படித் தெரியும்?’ என்பார். ‘மே’தான் சரியா?

பதில்: நானும் அந்த வகுப்பில் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றவன்தான். ‘மே’ கூடுதல் பணிவு. விண்ணப்பக் கடிதத்தில் அதையே எழுதுங்கள். ஆனால் அனுமதி கேட்க ‘கேன்’ பயன்படுத்துவது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழக்கில் வந்துவிட்டது. மாணவனின் கருத்து நன்றாகப் புரிந்த பின்னும் புரியாததுபோல் நடிப்பது இலக்கணப் பாடம் ஆகாது.

கேள்வி (சுங்கை பெட்டானியிலிருந்து பினாங்கு வந்து பணிபுரிபவர்): இணையவழிக் கூட்டங்களில் ‘கேன் யூ ஹியர் மி?’ என்பதற்கு ‘என்னைக் கேட்க முடிகிறதா?’ என்கிறார்கள். காதுக்கு உறுத்துகிறது.

பதில்: உறுத்தத்தான் வேண்டும். ‘நான் பேசுவது கேட்கிறதா?’ என்பதே தமிழ். காணல், கேட்டல் போன்ற புலன்வினைகளோடு ஆங்கிலம் ‘கேன்’ சேர்ப்பது வெறும் வழக்கம். அங்கே திறமையைப் பற்றிய பேச்சு இல்லை. ‘திரை தெரிகிறதா?’, ‘குரல் கேட்கிறதா?’ என்று நமக்கு ஆயத்தமான வினைகள் இருக்கின்றன.

கேள்வி (பிறை, பெயர் எழுதாதவர்): தண்ணீர் ‘கேன்’ என்பது நம் ‘கேணி’யிலிருந்து போன சொல் என்று படித்தேன்.

பதில்: இல்லை, ஐயா. பாத்திரத்தைக் குறிக்கும் அச்சொல்லுக்கு ஜெர்மன், டச்சு மொழிகளில் நெருங்கிய உறவினர் இருக்கிறார்கள். ‘அறிதல்’ கேனுக்கும் அதற்கும்கூடத் தொடர்பில்லை. உணவைத் தகரத்தில் அடைக்கும் முறைக்கு பீட்டர் டுராண்ட் என்பவர் 1810இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். பிரிட்டிஷார் அதை ‘டின்’ என்றார்கள், அமெரிக்கர் ‘கேன்’ என்றார்கள். நாம் பிரிட்டிஷார் வழியில் வந்தவர்கள் என்பதால் இங்கே பால் ‘டின்’. கேணி தன் ஊரிலேயே இருக்கட்டும்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ், இளம்பெண்): எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து இரயில்வே வேலைக்கு வந்தது. பாட்டி ‘ஏலும்’, ‘ஏலாது’ என்பார். தோழிகள் சிரிக்கிறார்கள். ‘கேன்’னுக்கு அதை எழுதலாமா?

பதில்: எழுதலாம், அம்மா. ‘முடியும்’ இன்று எங்கும் பரவிவிட்டதே தவிர, அது ஒன்றே சொல் அன்று. திருக்குறளில் ‘ஒல்லும் வகையான் அறவினை ஓவாதே’ என்னுமிடத்தில் ‘ஒல்லும்’ என்பது இதே ‘இயலும்’ என்ற பொருளில்தான் நிற்கிறது. ‘ஏலும்’ என்பது ‘முடியும்’ நின்ற இடத்தில் அப்படியே உட்காரும்; ‘தெரியும்’ நின்ற இடத்துக்கு அது வராது. ஐயமிருந்தால் பாட்டியிடமே ‘உங்களுக்கு நீந்தத் தெரியுமா?’ என்றும், ‘இப்ப நீந்த ஏலுமா?’ என்றும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். அவர் இரண்டுக்கும் வெவ்வேறு விடைதான் சொல்வார்.