சிறிதளவு உணவைக் குறிக்க ஆங்கிலத்தில் பழைய வட்டாரச் சொற்கள் உண்டா?

நிறையவே உண்டு. முதலில் சொல்ல வேண்டியது, எல்லோரும் அறிந்த 'லஞ்ச்'. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அது மதியச் சாப்பாட்டைக் குறிக்கவில்லை; தடிமனாக வெட்டிய ரொட்டித் துண்டு போன்றவற்றையே குறித்தது. 1755இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதியும், ஒரு கை கொள்ளும் அளவு உணவு என்றே அதற்குப் பொருள் தருகிறது.

வேலைக்கு நடுவே உண்ணும் சிறு உணவுக்குத்தான் வட்டாரத்துக்கொரு சொல் இருந்தது. டர்ஹம் பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 'பெய்ட்' என்றதை நாட்டிங்ஹாம்ஷயரில் 'ஸ்னாப்' என்றும், கார்ன்வாலில் 'கிரிப்' என்றும் சொன்னார்கள். ஸ்னாப் கொண்டுபோன தகர டப்பா ஒன்றைப் பழம்பொருள் கடையில் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ரொட்டித் துண்டின் வடிவத்திலேயே, மேற்புறம் வளைந்து, ஒரு பாதி மற்றொரு பாதிக்குள் செருகி மூடும்படி அது செய்யப்பட்டிருந்தது. சுரங்கத்து எலிகளிடமிருந்தும் கரித்தூளிடமிருந்தும் நாலைந்து துண்டு ரொட்டியைக் காப்பாற்ற எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன்.

நம் 'டிபனும்' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சாப்பாட்டு வேளைக்கு வெளியே சிறிது உண்பதையோ பருகுவதையோ பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'டிஃபிங்' என்றார்கள். அதிலிருந்தே 'டிஃபின்' பிறந்தது என்பது அகராதிகள் பொதுவாக ஏற்கும் கருத்து. மூலச்சொல் இங்கிலாந்தில் வழக்கொழிந்துவிட்டது.

மிச்சம் மீதிக்கு 'ஆர்ட்ஸ்' என்றொரு சொல் இருந்தது. கலையைக் குறிக்கும் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மாடு தின்னாமல் ஒதுக்கிய தீவனத்தைக் குறித்த இச்சொல், பின்னர் மனிதர் தட்டில் எஞ்சிய துணுக்குகளுக்கும் ஆகிவந்தது. துளியும் மிச்சமில்லை என்று சொல்ல, 'துளி' என்று பொருள்படும் 'ஸ்கெரிக்' என்ற சொல்லை வட இங்கிலாந்தில் பயன்படுத்தினார்கள். ஆஸ்திரேலியாவில் இன்றும் அது புழங்குகிறது.

இவற்றை மேலும் தேட விரும்புவோர், 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த ஜோசப் ரைட்டின் ஆங்கில வட்டார வழக்கு அகராதியைப் புரட்ட வேண்டும். சிறுவயதிலேயே ஆலை வேலைக்குப் போய், பதினைந்து வயதளவில்தான் எழுத்தறிந்து, பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரானவர் அவர். இத்தகைய சொற்களைப் புழங்கிய உழைப்பாளிகளுக்கு நடுவே வளர்ந்தவர் என்பதால்தான், சாப்பாட்டுத் துணுக்குக்கான சொல்லைக்கூட அற்பமென்று தள்ளாமல் அந்தந்த மாவட்டத்தின் பெயரோடு பதிவுசெய்தார் என்று நான் நினைக்கிறேன்.